தருவைக்குளத்துத் தம்பிக்கு



உங்கள் கடிதம் கைக்கு வந்து இரண்டு வாரமாகிறது. அப்பா விட்டுப்போன இசைத்தட்டுகள் ஒரு பெட்டி, ஒலிநாடாக்கள் இரண்டு பெட்டி. ஷிப்பிங் அலுவலகத்தில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்று. எண்ணை ஒலியாக்கும் டிஏசி, புதிதாக வாங்கியது ஒன்று. இவ்வளவையும் சொல்லிவிட்டுக் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள்: "அண்ணாச்சி, அப்சாம்ப்ளிங் பண்ணினால் காருகுறிச்சியார் கோயில் வாசலில் நின்று நாயனம் வாசிக்கிற மாதிரி கேட்குமா?" இந்தக் கேள்வி உங்களுக்கு மட்டும் உரியதில்லை. அதனால் பதிலை எல்லாரும் படிக்கும்படி இங்கேயே எழுதுகிறேன்.

கேட்காது, தம்பி. அதற்காக அப்சாம்ப்ளிங் வீண் வேலை என்றும் நினைத்துவிடாதீர்கள். அது எந்த வேலையைச் செய்கிறது, எதைச் செய்யாது என்று தெரிந்துகொண்டால் உங்கள் காசும் மிஞ்சும், இரவுத் தூக்கமும் மிஞ்சும்.

நம் ஊர்ப் பழங்கதை ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். நம் கடலில் கடைசியாக முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடந்தது 1961-இல். அந்தக் காலத்தில் முத்தைத் தரம் பிரிக்கப் பத்துப் பித்தளைச் சல்லடைகள் வைத்திருந்தார்கள். பெட்டி என்றுதான் அதற்குப் பேர். முதல் பெட்டியில் 20 துளை, அடுத்ததில் 30, பிறகு 50, 80, 100 என்று ஏறிக் கடைசிப் பெட்டியில் 1000 துளை. துளை கூடக் கூட ஒவ்வொரு துளையும் சிறுத்துக்கொண்டே போகும். 20 துளைப் பெட்டியில் தங்கியதைப் பெரிய முத்தாக எடுத்துவைப்பார்கள். மீதி அடுத்த பெட்டிக்கு இறங்கும். பத்துப் பெட்டியிலும் சலித்தாலும் சிப்பிக்குள்ளிருந்து வந்த முத்து ஒரு குன்றிமணி எடை கூடக் கூடாது. ஆனால் மண்ணும் தூளும் ஒதுங்கும், எது எவ்வளவு என்று தெரியும். அப்சாம்ப்ளிங்கும் சலிக்கிற வேலைதான். அதன் உயிர் வடிகட்டியில் இருக்கிறது.

ஒரு சிடியில் ஒலியை நொடிக்கு 44,100 தடவை அளந்து எண்ணாக எழுதிவைத்திருக்கிறார்கள். 1982-இல் சிடி விற்பனைக்கு வந்தபோது எங்கிருந்து வந்தது இந்த எண்? டிஜிட்டல் ஒலியை அப்போது வீடியோ நாடாவில்தான் பதிந்தார்கள். நொடிக்கு 60 புலம், புலத்துக்கு 245 கோடு, கோட்டுக்கு 3 அளவு. பெருக்கிப் பாருங்கள், 44,100 வரும். எவ்வளவு தடவை அளக்கிறோமோ அதில் பாதி அதிர்வெண் வரைதான் பிடிக்க முடியும் என்பது கணக்கு. ஆகவே சிடியில் 22.05 கிலோஹெர்ட்ஸ் வரை அடங்கும். நல்ல இளங்காது கேட்பது 20 வரை. வயது ஏற ஏற அதுவும் குறையும்.

இந்த அளவுகள் புள்ளிகள். டிஏசி அவற்றை மறுபடி கோடாக்க வேண்டும். அப்போது 22.05-க்கு மேலே, கண்ணாடியில் தெரிகிற மாதிரி, கீழே உள்ள இசையின் பிம்பங்கள் வரிசையாக முளைக்கும். அவற்றை வடிகட்டி எடுக்க வேண்டும். 20-க்கும் 22.05-க்கும் நடுவே இருக்கிற அந்தக் குறுகிய இடத்துக்குள் வடிகட்டியை நிறுத்துவது மின்சுற்றால் செய்யக் கஷ்டமான காரியம். அதனால்தான் ஃபிலிப்ஸ்காரர்கள் தங்கள் முதல் சிடி பிளேயரிலேயே அளவுகளை நான்கு மடங்காக்கினார்கள். இப்படி அளவுகளைப் பெருக்குவதுதான் அப்சாம்ப்ளிங். பிம்பங்கள் வெகு தூரம் விலகிப் போயின, மின்சுற்றுக்கு வேலை லேசாயிற்று. இன்று நீங்கள் வாங்கிவைத்திருக்கும் டிஏசியின் சிப்பும் உள்ளுக்குள் பெரும்பாலும் எட்டு மடங்காக்கிக்கொண்டுதான் இருக்கும். ஆக, இங்கே கேள்வி ஒன்றுதான்: சலிக்கிற வேலையைச் சின்னச் சிப் செய்வதா, கம்ப்யூட்டர் செய்வதா? கம்ப்யூட்டருக்கு மூளையும் நேரமும் அதிகம். இன்னும் நீளமான, இன்னும் நுணுக்கமான வடிகட்டியை அது தாங்கும்.

காதில் என்ன வித்தியாசம் என்கிறீர்களா? நான் மகளை உட்காரவைத்து, எனக்குச் சொல்லாமல் மாற்றி மாற்றிப் போடச் சொன்னேன். பத்து தடவையில் ஆறு தடவை சரியாகச் சொன்னேன். பூவா தலையா போட்டாலும் ஏறக்குறைய அவ்வளவுதான் வரும். என் டிஏசி சுமாரான விலையில் நல்ல பொருள். உள்ளே வடிகட்டியே இல்லாத டிஏசிகளும் உண்டு. அவற்றில் வித்தியாசம் தெளிவாகவே கேட்கும். உங்களுடையது எந்த வகை என்று முதலில் பாருங்கள்.

இவ்வளவு துல்லியம் எதுவும் இல்லாமலே, இதே கடலோரத்தில் என் தலைமுறை மத்திய அலை வானொலியில் காதை வளர்த்தது. இலங்கை வானொலி ராத்திரியில் அலை மாதிரி ஏறி இறங்கி வரும். நம் ஊர் அகில இந்திய வானொலி ஒலிபரப்பியும் 1053 கிலோஹெர்ட்ஸில் அந்தப் பக்கத்துக்குப் பேசியது. மத்திய அலையில் நிலையங்களுக்கு நடுவே 9 கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி. நம் வீட்டு ரேடியோவில் வந்த இசை 4.5 தாண்டியிருக்காது. அந்த ஒலியில்தான் 'கொஞ்சும் சலங்கை'யின் 'சிங்கார வேலனே' எங்கள் தெருவுக்குள் வந்தது. ஜானகியின் குரலும் காருகுறிச்சியாரின் நாயனமும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போகும். எங்கள் அம்மா மீன் கழுவிய கையோடு வாசல்படியில் நின்றுவிடுவாள். அந்தப் படம் 1962-இல் வந்தது. 1964-இல் காருகுறிச்சியார் கோவில்பட்டியைத் தவிக்கவிட்டுப் போய்விட்டார். பிறகு அதே கடலுக்கடியில் 2006-இல் தூத்துக்குடிக்கும் இலங்கையின் மவுண்ட் லவினியாவுக்கும் நடுவே கண்ணாடியிழைக் கேபிள் போட்டார்கள். காற்றில் அலைந்து வந்த பாட்டு இன்று எண்ணாகிக் கேபிளில் ஓடுகிறது.

ஸ்ட்ரீமிங் பற்றிக் கேட்டீர்கள். சிடி தரம் சுருக்காமல் வந்தால் நொடிக்கு 1411 கிலோபிட். ஒரு மணி நேரத்துக்கு 635 மெகாபைட் அளவு. ஃபிளாக் மாதிரி இழப்பில்லாத சுருக்கத்தில் ஏறத்தாழப் பாதியாகும். உங்கள் ஊர் இணைப்புக்கு அது பெரிய சுமையில்லை. ஆப்பிள் மியூசிக் 2021-இலிருந்து இழப்பில்லாத ஒலியைத் தருகிறது, ஆனால் அமைப்புகளுக்குள் போய் நீங்களே அதைத் திறந்துவிட வேண்டும். பலர் காசு கட்டிவிட்டு, திறக்காமலே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். புளூடூத் வழியாகக் கேட்டால் அது மறுபடி சுருங்கிவிடும். கம்பி போடுங்கள்.

இனி உங்கள் கம்ப்யூட்டர். விண்டோஸ் தன் ஒலிக்கலவைக்குள் எல்லா ஒலியையும் கொட்டி, தான் வைத்திருக்கும் ஒரே அளவுக்கு மாற்றிவிடும். நீங்கள் அறியாமலே 44.1 ஆனது 48 ஆகும். ஃபூபார்2000 என்ற பிளேயரைப் போட்டு, வாசாபி எக்ஸ்குளூசிவ் வழியாக டிஏசிக்கு நேரே அனுப்புங்கள். லினக்ஸ் என்றால் எம்.பி.டி. என்ற பிளேயரை வைத்து அல்சாவின் வன்பொருள் வழியில் நேராக விடலாம். அதில் சாக்ஸ் நூலகத்தைக் கொண்டு அப்சாம்ப்ளிங் செய்வது இலவசம், தரமும் முதல்தரம். எச்.கியூ. பிளேயர் விலை கொடுத்து வாங்க வேண்டியது, வடிகட்டிகள் ஏராளம். ஆறு மாதம் கழித்து யோசியுங்கள். எதைக் கொண்டு செய்தாலும் 44.1-ஐ 88.2 அல்லது 176.4 ஆக்குங்கள், 48-ஐ 96 அல்லது 192 ஆக்குங்கள். குடும்பம் மாற்றாதீர்கள். உங்கள் பழைய கம்ப்யூட்டருக்கு 176.4 போதும். டிஎஸ்டி என்ற வடிவம் வரை ஏற்றினால் நொடிக்கு லட்சக்கணக்கில் அளவுகள். மின்விசிறி கத்த ஆரம்பிக்கும். ராத்திரி பதினொரு மணிக்கு அந்த விசிறிச் சத்தம் எந்த வடிகட்டியின் வித்தியாசத்தையும் விழுங்கிவிடும்.

ஒன்றை மறக்க வேண்டாம்: மென்பொருளிலேயே ஒலியை 3, 4 டெசிபெல் குறைத்துவையுங்கள். இன்றைய பாட்டுகளை உச்சிவரை ஏற்றியே பதிகிறார்கள். புள்ளிகளுக்கு நடுவே புதிதாகக் கோடு போடும்போது அது புள்ளிகளைவிட உயர்ந்துவிடும். இடம் இல்லாவிட்டால் மொட்டையாக வெட்டுப்பட்டுக் கரகரக்கும். அப்சாம்ப்ளிங் போட்ட பிறகு ஒலி கெட்டுவிட்டது என்று வருந்துகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

நம் ஊருக்கென்றே ஒரு பகை இருக்கிறது, எந்தக் கையேட்டிலும் அது இருக்காது. உப்புக்காற்று. போன ஆனியில் என் இடது ஸ்பீக்கர் விட்டுவிட்டுக் கேட்டது. மென்பொருள், வடிகட்டி, கேபிள் என்று மூன்று நாள் மாற்றிப் பார்த்தேன். கடைசியில் டிஏசியின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தால், ஆர்சிஏ பிளக்கின் வளையத்தைச் சுற்றிப் பச்சைக் களிம்பு, பழைய பித்தளைக் குத்துவிளக்கின் அடியில் இருப்பது மாதிரி. உள்முனையில் வெள்ளைப் பூ பூத்திருந்தது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுச் சொருகினேன். சரியாயிற்று. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எல்லாப் பிளக்கையும் உருவித் துடையுங்கள். விசிறி வைத்த கம்ப்யூட்டர் உப்புக்காற்றை உள்ளே இழுத்துப் பலகையின் மேல் பூசிக்கொண்டே இருக்கும். வாடைக்காற்றுக் காலத்தில் ஈரமும் சேரும். அதைக் கடலைப் பார்த்த ஜன்னலிலிருந்து தள்ளி, உள்ளறையில் வையுங்கள். டிஏசி பக்கத்தில் விசிறியில்லாத ராஸ்பெரி பை ஒன்று போதும். இரண்டுக்கும் நடுவே நெட்வொர்க் கேபிள். கனத்த வேலை உள்ளறையில் நடக்கும், கேட்கிற அறை அமைதியாக இருக்கும்.

மின்சாரம் போகும்போது இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும், அது சைன் அலையா என்று பாருங்கள். சதுர அலை இன்வெர்ட்டரில் ஸ்பீக்கர் முனகும். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனை வைத்து அளக்கச் சொல்லுங்கள். 

இனி அப்பாவின் 78 தட்டுகள், அதாவது நிமிடத்துக்கு 78 தடவை சுற்றுகிறவை. உங்கள் கடிதத்தில் என்னை உட்கார்ந்து எழுதவைத்தது அந்தப் பெட்டிதான். ஸ்ட்ரீமிங்கில் இல்லாத ஏதாவது அதில் இருக்கலாம். எல்.பி. ஊசியை அதில் வைக்காதீர்கள். 78-இன் பள்ளம் அகலம், அதற்குரிய ஊசி ஏறத்தாழ மூன்று மடங்கு பருமன். பதியும்போது 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். இசைக்காக இல்லை, அந்தத் தட்டில் 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இசை அநேகமாக இருக்காது. கீறலின் 'டிக்' ஓசைகள் அவ்வளவு நெருக்கமாக அளந்தால் கூர்மையாகத் தனித்துத் தெரியும், பிறகு அவற்றை எடுப்பது எளிது. அளவைக் கூட்டுவதால் உண்மையான லாபம் வருகிற இடம் இது.

வேகத்தையும் சரிபாருங்கள். தட்டு ஆறு சதவீதம் வேகமாகச் சுற்றினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். ராஜரத்தினம் பிள்ளை நீளமான பாரி நாயனத்தைக் கொண்டுவந்து சுருதியை இறக்கியவர். காருகுறிச்சியார் அவருடைய சீடர். அந்த நாயனம் தன் சுருதியில் ஒலிக்காமல் கீச்சென்று மூக்கால் பேசினால், டிஏசியைக் குற்றம் சொல்லும் முன் தட்டின் சுற்றை எண்ணுங்கள். லேபிளுக்கு மேல் ஒரு வெள்ளைக் காகிதத் துண்டை ஒட்டி, ஒரு நிமிடம் எண்ணினால் போதும்.

78-க்கான ஊசி என்னிடம் இரண்டு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை, வலைக்காரர்கள் கரைக்கு வந்த பிறகு, பெட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு வாருங்கள். தட்டுகளைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வைத்து வண்டியில் கொண்டுவாருங்கள், வேகத்தடையில் மெதுவாக.

அன்புடன்,
தூத்துக்குடி அண்ணாச்சி