பட்டன் முதலில், பலகை பிறகு

மரவேலை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பள்ளிக்கூட நாட்களில் வீடியோ கேம் பார்லரில் காசு போட்டு ஆடிய ஆள் உயர மெஷின் போல ஒன்றை வீட்டிலேயே செய்யப் போகிறேன். உள்ளே ஒரு சின்ன கம்ப்யூட்டர், 24 இன்ச் மானிட்டர், அவ்வளவுதான். எம்.டி.எஃப். போதும் என்கிறான் நண்பன். பிளைவுட் தவிர வேறு எதையும் தொட மாட்டேன் என்கிறார் ஆசாரி. எதை வாங்குவது? 12 எம்.எம். போதுமா, 18 வேண்டுமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: பலகைக் கடைக்குப் போவதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். பட்டன், ஜாய்ஸ்டிக், ஓரத்துக்கான டி-மோல்டிங் மூன்றையும் முதலில் வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் எத்தனை எம்.எம். என்று சொல்லப்போவது அவைதான். பெட்டி தாங்கும் பாரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் எங்கேயோ போய் நிற்கும்.

1980-களின் தொடக்கத்தில் வந்த பாக்-மேன், டாங்கி காங் காலத்துப் பெட்டிகள் நூறு கிலோவைத் தாண்டும். உள்ளே கண்ணாடிப் பிக்சர் டியூப் உட்கார்ந்திருக்கும். அவ்வளவு பாரத்துக்கும் பெரும்பாலும் 5/8 அல்லது 3/4 இன்ச் பலகைதான் போட்டார்கள். அதிலும் பல வெறும் பார்ட்டிக்கிள் போர்ட். உங்கள் மானிட்டர் ஐந்து கிலோகூட வராது. பாரம் மட்டும்தான் கவலை என்றால் 12 எம்.எம். தாராளம்.

ஆனாலும் இரண்டு பக்கப் பலகைக்கும் 18 எம்.எம். போடச் சொல்வேன். பலகையின் ஓரத்தில் ஸ்க்ரூ பிடிக்க இடம் வேண்டும். ஆட்ட வேகத்தில் ஜாய்ஸ்டிக்கை இழுத்து அடிக்கும்போது பெட்டி நெளியக் கூடாது. இரண்டையும் விட முக்கியம் டி-மோல்டிங். ஆங்கில டி எழுத்தைப் படுக்க வைத்தது போன்ற பிளாஸ்டிக் பட்டை அது. அதன் காலில் முள் முள்ளாக இருக்கும். பலகை ஓரத்தின் நட்டநடுவில் சுமார் 1.6 எம்.எம். அகலத்துக்குக் காடி எடுத்து, ரப்பர் சுத்தியலால் தட்டி இறக்க வேண்டும். பரவலாகக் கிடைப்பது 3/4 இன்ச், அதாவது 19 எம்.எம். அகலப் பட்டை. 18 எம்.எம். பலகைக்குப் பெயிண்ட் அடித்தால் இது கச்சிதமாக உட்காரும். மைக்கா ஒட்டினால் கதை வேறு. வெளியே 1 எம்.எம். மைக்கா, உள்ளே லைனர் என்று சேர்ந்தால் மொத்தம் 19.5-ஐத் தாண்டிவிடும். பட்டைக்கு வெளியே மைக்காவின் விளிம்பு கோடாகத் தெரியும், கையையும் கிழிக்கும். மைக்கா போடுவது உறுதி என்றால் 16 எம்.எம். பலகை வாங்குங்கள். உள்பக்கம் லைனர் எதற்கு என்று மிச்சம் பிடிக்காதீர்கள். ஒரு பக்கம் மட்டும் மைக்கா ஒட்டிய பலகை மெல்ல வளையும்.

இனி எம்.டி.எஃப்.-ஆ, பிளைவுட்-ஆ என்ற வழக்கு. வெட்டவும் இழைக்கவும் எம்.டி.எஃப். சுகம். வளைவுகளை உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கலாம், காடி சுத்தமாக விழும், பெயிண்ட் கண்ணாடி போல நிற்கும். உங்கள் நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தூத்துக்குடிக் காற்றை அவர் மறந்துவிட்டார். வீடு துடைக்கும் ஈரம் அடி ஓரத்தில் பட்டாலே சாதா எம்.டி.எஃப். உப்பிவிடும், உப்பியது திரும்ப அமுங்காது. ஓரத்தில் நேரடியாக ஸ்க்ரூ போட்டால் பிளந்துகொள்ளும். எடையும் கூட: எட்டுக்கு நாலு ஷீட் 18 எம்.எம். ஏறக்குறைய 40 கிலோ. மாடி வீடு என்றால் தூக்குகிற ஆளிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆகவே உங்களுக்கு பி.டபிள்யூ.ஆர். ரக பிளைவுட். எம்.ஆர். ரகம் கடற்கரை ஊருக்கு வேண்டாம். மெரைன் பிளை வரை போவது வீண் செலவு. கடையில் ஷீட்டின் நான்கு ஓரத்தையும் குனிந்து பாருங்கள். நடு அடுக்கில் பொந்து இருந்தால், நாளைக்கு டி-மோல்டிங்கின் முள் அதற்குள் விழுந்து பிடிமானமே இல்லாமல் கழன்று வரும். ஒரு வெர்னியர் கேலிப்பரும் கொண்டுபோங்கள். 18 என்று அச்சடித்த ஷீட் 17 சொச்சம் காட்டுவது நம் ஊர்க் கடைகளில் சகஜம்.

முழுப் பெட்டிக்கும் ஒரே தடிமன் தேவையில்லை. பக்கங்கள், அடிப்பலகை, மானிட்டர் தட்டு 18. முன்பக்கக் கதவு 12. முதுகுப் பலகை 6 எம்.எம். போதும், ஆனால் அதை நாலு ஓரமும் ரீப்பரில் இறுக்கிப் பிடியுங்கள். பெட்டி சாய்ந்து நெளியாமல் காப்பது அந்த மெல்லிய பலகைதான். காற்றுப் போக மேலேயும் கீழேயும் துளை விடுங்கள். பெட்டியின் ஆழத்தை 60 செ.மீ.க்குள் வைத்துக்கொண்டால் ஆறடி உயரப் பக்கப் பலகை இரண்டும் ஒரே ஷீட்டில் வந்துவிடும். ஒன்றை ஜிக்சாவில் வெட்டி நேர்த்தியாக்குங்கள். அதையே அச்சாக வைத்து, பேரிங் உள்ள ரவுட்டர் பிட்டால் மற்றதை எடுங்கள். இரண்டும் மயிரிழை பிசகாமல் வரும்.

கேள்வி: கண்ட்ரோல் பேனலையும் 18 எம்.எம். பிளைவுட்டில் போட்டுவிட்டோம். ஜாய்ஸ்டிக் குட்டையாக நிற்கிறது. ஜப்பான் மாடல் பட்டன் துளைக்குள் இறங்குகிறது, ஆனால் கிளிப் பிடிக்க மாட்டேன் என்கிறது. பேனலை மாற்ற வேண்டுமா?
– வாசகர், கோவை

பதில்: மாற்ற வேண்டாம். ஜப்பானில் இந்த மெஷின்களின் பேனல் இரும்புத் தகடு. சேகா கம்பெனியின் ஆஸ்ட்ரோ சிட்டி போன்ற பெட்டிகளைப் பார்த்தால் புரியும். சான்வா வகை ஜாய்ஸ்டிக்கின் தண்டு நீளமும், பட்டன் கிளிப்பும் அந்தத் தகட்டுக்காகச் செய்தவை. 18 எம்.எம். மரத்துக்கு அடியில் மாட்டினால் தண்டில் பாதி மரத்துக்குள்ளேயே போய்விடும்.

பேனலைக் குப்புறப் போட்டு, ஜாய்ஸ்டிக் தகடு உட்காரும் அளவுக்கு ரவுட்டரால் குழி எடுங்கள். மேலே 6 எம்.எம். மரமாவது மிஞ்ச வேண்டும். எம்.டி.எஃப்.-ஆக இருந்தால் இவ்வளவு ஒல்லியாக்கச் சொல்லமாட்டேன், பிளைவுட் தாங்கும். மேலே 3 எம்.எம். அக்ரிலிக் ஷீட் போட்டால் இன்னும் உறுதி, அடியில் ஸ்டிக்கர் படமும் வைக்கலாம். ஆனால் அந்த 3 எம்.எம்.மும் தண்டின் நீளத்தில் கழியும், அதையும் கணக்கில் வையுங்கள்.

பட்டனுக்கு நீண்ட மரையும் நட்டும் உள்ள அமெரிக்க மாடல் வாங்கிவிடுங்கள், 18 எம்.எம்.மைத் தாண்டிப் பிடிக்கும். அதற்குத் துளை 28.6 எம்.எம்., ஜப்பான் பட்டனுக்கு 30. நீங்கள் ஏற்கெனவே 30 போட்டுவிட்டிருந்தாலும் கவலையில்லை, பட்டனின் விளிம்பு மூடிவிடும். நட்டை இறுக்கும்போது நடுவில் பிடித்துக்கொள்ளுங்கள். புதிதாகப் போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: நம் ஆசாரிகளின் பையில் எப்போதும் இருப்பது அலமாரிக் கீலுக்கான 35 எம்.எம். கப் பிட். "எல்லாம் ஒன்றுதான் சார்" என்று அதைப் போட்டுவிட்டால் பட்டன் நழுவி நேரே உள்ளே விழும். துளை போடும்போது பேனலுக்கு அடியில் ஒரு வேண்டாத பலகையை இறுக்கிக் கட்டினால் பின்பக்கம் சிராய் பெயராது.

கேள்வி: தாத்தா காலத்துத் தேக்குப் பலகைகள் வீட்டில் கிடக்கின்றன. அவற்றில் செய்தால் கௌரவமாக இருக்காதா?
– வாசகி, காரைக்குடி

பதில்: கௌரவமாகத்தான் இருக்கும். ஆனால் 60 செ.மீ. அகலத்துக்கு இரண்டு மூன்று பலகையை ஒட்டுப் போட வேண்டும். மழைக்காலத்தில் அகலவாக்கில் விரிந்து கோடையில் சுருங்குவது எந்த மரத்துக்கும் இயல்பு, தேக்குக்குக் கொஞ்சம் குறைவு. ஒட்டிய ஸ்டிக்கர் படம் அந்த ஒட்டுக் கோட்டில் சுருக்கம் விடும். அதைவிட, அத்தனை நல்ல ரேகையைப் படத்தால் மூடுவதற்கு எனக்கு மனசு வராது. உள்ளே ரீப்பர் சட்டங்களுக்கு ஒன்றிரண்டு பலகையை எடுத்துக்கொள்ளுங்கள், ஸ்க்ரூ அருமையாகப் பிடிக்கும். மீதியில் ஒரு ஊஞ்சல் பலகை செய்யுங்கள்.

கேள்வி: பிளாக் போர்டு வளையாது, எடையும் குறைவு என்கிறார்களே?
– வாசகர், திருச்சி

பதில்: நேர்க்கோட்டு வேலைக்கு உண்மைதான். நீளமான தட்டு, கதவு எல்லாம் தாராளமாகச் செய்யலாம். இந்தப் பெட்டியின் பக்கங்களோ வளைந்து வளைந்து வெட்ட வேண்டியவை. பிளாக் போர்டுக்குள் இருப்பது அடுக்கி வைத்த கட்டைகள். குறுக்கே வெட்டினால் இடைவெளிகள் பல்லிளிக்கும், காடியும் ஒழுங்காக நிற்காது. மானிட்டர் தட்டுக்கு மட்டும் போட்டுக்கொள்ளலாம்.