குடியை விட ஒரு கூட்டம்



போன மாதக் குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா தவணை கட்டவில்லை. "வச்ச இடத்துல பணம் இல்லைங்க" என்றார். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. பௌர்ணமிக்குக் கிரிவலம் போய் வேண்டிக்கொள்கிறோம். அதோடு இதையும் செய்வோம்.

குடிநோயும் ஒரு நோய்தான். 1935ல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் மனம்விட்டுப் பேசியதில் பிறந்தது 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' (ஏ.ஏ.). கட்டணம் இல்லை. குடியை விடணும் என்ற எண்ணம் போதும். குடும்பத்தாருக்கு 'அல்-அனான்' தனியாக உண்டு. வீட்டுக்காரர் வராவிட்டாலும் நாம் போகலாம்.

எப்படித் தேடுவது?

1. 14446 என்ற இலவச எண்ணில் கேட்போம்.
2. திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவில் விசாரிப்போம்.
3. பக்கத்தில் கூட்டம் எங்கே, எந்தக் கிழமை என்று குழுப் பதிவேட்டில் எழுதி வைப்போம்.
4. முதல் தடவை துணைக்கு ஒருவர் போவோம்.

கவனம்! தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். முதலில் டாக்டரைப் பார்க்கணும். சோற்றில் தெரியாமல் மருந்து கலப்பது உயிருக்கே ஆபத்து.

மறுபடி குடித்துவிட்டாரா? மறுபடி கூட்டத்துக்கு அனுப்புவோம்.

குழுவில் பேசுவோம்: அந்த அக்காவோடு யார் போவது?