அடிமை, அடியேன், தாழ்மை: தாமிரபரணிக் கரையில் கிறித்தவப் பத்தியின் சொற்கள்

ஆழ்வார்திருநகரியில் வைகாசித் திருவிழாவின்போது நவதிருப்பதிப் பெருமாள்கள் ஒன்பதின்மரும் கருடன்மீது எழுந்தருளி நம்மாழ்வாரிடம் வருகின்றனர். பாடப்பெற்ற தெய்வம் பாடிய அடியவரை நாடி வருகிறது. வைணவக் கோயில்களில் வழிபடுவோர் தலைமீது வைக்கப்பெறும் திருவடிநிலைக்குச் சடகோபம் (சடாரி) என்று பெயர். அது நம்மாழ்வாரின் பெயரே. இறைவன் திருவடியாகவே அடியவரைக் காணும் மரபு அப்பெயரில் உறைந்திருக்கிறது. இவ்வூரை அடுத்த இருப்புப்பாதை நிலையம் நாசரேத். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் தொடர்வண்டி அடுத்தடுத்து நிற்கும் இவ்விரு நிலையங்களுக்கு இடையே பத்தியின் சொற்கள் சில ஒரு சமயத்திலிருந்து மற்றொரு சமயத்திற்குக் கடந்து சென்றுள்ளன. அவற்றுள் அடிமை, அடியேன், தாழ்மை ஆகிய மூன்றும் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருநெல்வேலிக் கிறித்தவரிடையே எவ்வாறு பொருள்பெற்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வைணவ மரபில் அடிமை

நம்மாழ்வாரின் திருவாய்மொழியில் அடிமை என்பது உயிரின் இயல்பைக் குறிக்கும் சொல். உரையாசிரியர்கள் இதனைச் சேஷத்துவம் என்பர். உயிர் தனக்கென இருப்பதன்று, இறைவனுக்கென இருப்பது என்பது அதன் பொருள். மூன்றாம் பத்தின் ஏழாம் திருவாய்மொழியும் எட்டாம் பத்தின் பத்தாம் திருவாய்மொழியும் இக்கருத்தை இன்னும் ஒருபடி கடத்துகின்றன. இறைவனுக்கு அடிமை என்ற நிலை அடியார்க்கு அடிமை என்ற நிலையில் முதிர்கிறது. நால்வகைக் குலத்துக்கும் கீழ்ப்பட்டவராக உலகம் எண்ணுவோரும் திருமால் அடியவராயின், அவர்தம் அடியாரே தமக்குத் தலைவர் என்பது முதலில் குறித்த திருவாய்மொழியின் துணிபு. இத்துணிபை வாழ்ந்து காட்டியவர் மதுரகவியாழ்வார். திருக்கோளூரில் அந்தணர் குலத்தில் பிறந்த அவர், வயதில் இளையவரும் வேளாளர் குலத்தவருமாகிய நம்மாழ்வாரைக் குருவாகக் கொண்டார். அவர் பாடிய கண்ணிநுண் சிறுத்தாம்பு பதினொரு பாசுரங்களே கொண்டது. அது திருமாலைப் பாட்டுடைத் தலைவராகக் கொள்ளவில்லை. ஆசிரியரைப் பாடிய அந்நூலும் நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தில் இடம்பெற்றது.

பிறப்புக்கும் பணிவுக்கும் உள்ள உறவைப் பிள்ளை லோகாசாரியார் தம் ஸ்ரீவசன பூஷணத்தில் நேராகவே எடுத்துக்கொள்கிறார். உயர்ந்தது என்று மயங்கிக் கொள்ளப்படும் பிறப்பு அச்சத்துக்கு இடமானது என்கிறார் அவர். செருக்கால் நழுவி விழ அப்பிறப்பில் வாய்ப்புண்டு. அப்பிறப்பினர் பணிவை முயன்று பாவித்தாக வேண்டும். தாழ்ந்தது என்று மயங்கப்படும் பிறப்புக்கு இக்குறைகள் இல்லை, பணிவு அங்குப் பிறப்போடு வாய்த்துவிடுகிறது. இந்நூலுக்கு உரை வகுத்த மணவாள மாமுனிகள் ஆழ்வார்திருநகரியில் 1370இல் தோன்றியவர். பிறப்பின் உயர்வு தாழ்வு ‘மயக்கம்’ எனப்பட்டது இங்கு மிகுந்த துணிவுடைய கூற்று. எனினும் ‘பிறப்போடு வாய்த்த பணிவு’ என்பது யாருடைய பார்வையில் வாய்த்தது என்ற வினா எஞ்சி நிற்கிறது. ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னர் அவ்வினாவை அதே ஆற்றுப்படுகையில் வேறொரு சமயத்தார் எதிர்கொள்ள நேர்ந்தது.

கிருஷ்ண பிள்ளை

எச். ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900) திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தார். கம்பராமாயணம் ஓதப்பெற்ற இல்லம் அது. ஆற்றுக்கு வடக்கேயுள்ள சாயர்புரத்தில் 1853இல் தமிழாசிரியரானார். 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். அவருடைய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் நூலாக வெளிவந்தது. பதின்மூன்று ஆண்டுகள் முயன்று இயற்றிய அக்காப்பியம் ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்களாக 3766 பாடல்களைக் கொண்டது.

மூலநூலான ஜான் பனியனின் ஆங்கில உருவகக் கதை (1678) எளிய உரைநடையில் அமைந்தது. பனியன் பாத்திரங்களைச் செப்பனிடும் தொழிலாளி, பல்கலைக்கழகக் கல்வி பெறாதவர், அரசின் ஒப்புதலின்றிச் சமயவுரை ஆற்றியதற்காகப் பெட்ஃபோர்டில் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிலிருந்தவர். தொழிலாளி ஒருவரின் உரைநடையைக் ‘கிறித்தவக் கம்பர்’ எனப் போற்றப்பெறும் புலவர் காப்பிய விருத்தங்களாக உயர்த்தியது பணிவைப் பாடும் நூலுக்குப் பொருந்துமா எனக் கேட்கத் தோன்றும். ஐரோப்பியச் சீர்திருத்த மரபின் அளவுகோலால் அளந்தால் அது முரணாகவே படும். தமிழ்ப் பத்தி மரபில் அவ்வாறன்று. இங்கு அடியவன் தன்னிடமுள்ளவற்றுள் சிறந்ததைச் சூட்டுகிறான். ஆழ்வார்கள் பாசுரத்தைச் சொல்மாலை என்றது அதனால்தான். கிருஷ்ண பிள்ளைக்குச் சூட்டத்தக்க பொருளாக வாய்த்தது அவர் கற்ற தமிழ். சமயம் மாறியபோது அவர் அதைக் கைவிட்டுவரவில்லை.

ஆயினும் அவர் கொண்டுவந்த அடிமைச்சொல் பழம்பொருளிலேயே நின்றுவிட்டது எனல் பொருந்தாது. திருவாய்மொழியில் அடிமை உயிரின் இயல்பு. அதனை உணர்தலே வீடு, மறத்தலே கேடு. கிருஷ்ண பிள்ளையிடத்தில் பணிவு குற்ற உணர்விலிருந்து தொடங்குகிறது. ஆன்மா பாவச்சுமையோடு புறப்படும் கதையைத் தழுவியமையால் இவ்வாறு அமைவது இயல்பே. இதனினும் ஆழ்ந்த வேறுபாடு குமார பருவத்து இரட்சணிய சரித படலத்தில் புலப்படுகிறது. இயேசுவின் இறுதிநாள் பாடுகளை விரிக்கும் அப்பகுதியில் இகழப்படுபவனும் கட்டுண்பவனும் இறைமகனே. அவன் இகழ்ந்தோரைச் சினவாது அவர்க்காக இரங்குகிறான். ஆழ்வார்திருநகரியில் தெய்வம் அடியவரிடம் வந்தாலும் கருடன்மேல் அரச கோலத்தில் வருகிறது. இங்கோ தெய்வமே அடிமையின் கோலம் பூண்கிறது. பணிவு அடியவனின் கடமை என்ற எல்லையைக் கடந்து இறைவனின் செயலாகிவிடுகிறது. கிருஷ்ண பிள்ளையின் பத்திக்குப் புதிதாக வந்துசேர்ந்தது இதுவே. மற்றவற்றுள் பெரும்பகுதி அவர் பிறந்த வீட்டிலேயே இருந்தது.

ஊழியக்காரனும் அடிமையும்

இவ்விடத்தில் விவிலியத் தமிழின் சொல்லாட்சி ஒன்று கருதத்தக்கது. பவுல் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் முதல் வசனத்தில் தம்மையும் தீமோத்தேயுவையும் குறிக்க ‘டூலோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லை ஆள்கிறார். இரண்டாம் அதிகாரத்தின் ஏழாம் வசனத்தில் கிறிஸ்து தம்மை வெறுமையாக்கிக்கொண்டதைக் கூறுமிடத்தும் அதே சொல் வருகிறது. விலைக்கு வாங்கப்பட்டவன் என்பது அதன் வழக்குப்பொருள். சீர்திருத்தச் சபைகளில் பரவலாக வழங்கும் தமிழ் மொழிபெயர்ப்பு முதலிடத்தில் ‘ஊழியக்காரர்’ என்கிறது, இரண்டாமிடத்தில் ‘அடிமை’ என்கிறது. அப்போஸ்தலர் ஊழியக்காரராக, ஆண்டவர் மட்டும் அடிமையாகிறார். மொழிபெயர்ப்பாளர்கள் இதனைத் திட்டமிட்டுச் செய்தனர் என்பதற்கில்லை. ஆனால் மனிதரை அடிமை என எழுதத் தயங்கிய ஒரு காலத்தின் சாயல் இதில் படிந்திருக்கலாம். அக்காலத்தில் அடிமை உருவகம் மட்டுமன்று. மேற்கே திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி முற்றாக ஒழிந்தது 1855இல்தான்.

சொல்லப் பணிக்கப்பட்ட ‘அடியேன்’

‘அடியேன்’ என்ற தன்மைப்பெயர் கோயிலில் பத்தியின் சொல். திருவிதாங்கூரின் மேற்சாதி இல்லத்து வாயிலில் அதுவே சாதியின் சொல். கீழ்ச்சாதியினராகக் கருதப்பட்டோர் ‘நான்’ எனத் தம்மைக் குறித்தல் ஆகாது, அடியேன் என்றே குறித்தல் வேண்டும் என்பது அங்கு நிலவிய வழக்கம். உடலும் அவ்வாறே பணிய வேண்டியிருந்தது. மேற்சாதியார் முன் மார்பை மறையாதிருத்தல் மரியாதையின் அடையாளமாக வற்புறுத்தப்பட்டது. அதனை எதிர்த்து நாடார் பெண்கள், குறிப்பாகக் கிறித்தவப் பெண்கள், நடத்திய நெடும்போராட்டத்தின் விளைவாக 1859இல் திருவிதாங்கூர் அரசு மேலாடைக்கு இசைந்து ஆணை பிறப்பித்தது. திருநெல்வேலிச் சீமையின் கிறித்தவருள் பெரும்பாலோர் அவர்களோடு உறவும் சமூகமும் ஒன்றாக உடையவர்கள்.

தாழ்த்திக்கொள்ளுதல், தாழ்த்தப்படுதல் ஆகிய இரண்டும் ‘தாழ்’ என்னும் ஒரே அடியில் பிறந்தவை. முன்னது ஒருவர் தாமே செய்துகொள்வது, பின்னது பிறர் அவர்க்குச் செய்வது. தாழ்மை என்னும் அறப்பெயர் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. வேளாளப் புலவர் கிருஷ்ண பிள்ளை தம்மை அடியேன் என்னும்போது இழப்பதற்கு ஓர் உயர்வு அவரிடம் இருந்தது. பிள்ளை லோகாசாரியார் கூறிய ‘முயன்று பாவிக்க வேண்டிய’ பணிவு அது. பனையேறி வாழ்ந்த குடும்பத்திலிருந்து சபைக்கு வந்த ஒருவருக்கு அச்சொல் பழகிய சுமை. அவருக்கு நற்செய்தியாக வேண்டியிருந்தது நிமிர்தல். மெய்ஞ்ஞானபுரம், பிரகாசபுரம் எனப் புதிய ஊர்ப்பெயர்கள் இந்நிலத்தில் எழுந்ததை அந்நிமிர்வின் சுவடாகக் கொள்ளலாம். கிறித்தவத் தமிழ் இலக்கிய ஆய்வுகள் பெரும்பாலும் புலவர்களின் பணிவையே பேசியுள்ளன. சபையாரின் பணிவு வேறொன்று என்பதை அவை போதிய அளவு பிரித்துக் காணவில்லை.

பிரகாசபுரம்

கிருஷ்ண பிள்ளை திருமுழுக்குப் பெறுவதற்கு ஓராண்டு முன்னர், 1857இல், நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில் ஒரு புதிய சபை தோன்றியது. சட்டாம்பிள்ளை என அறியப்பெற்ற அருமைநாயகம் அதன் நிறுவனர். நாடார் சமூகத்தைப் பற்றி இராபர்ட் கால்டுவெல் 1849இல் வெளியிட்ட ஆங்கிலச் சிறுநூல் அச்சமூகத்தாரிடையே ஆழ்ந்த மனக்காயத்தை விளைவித்திருந்தது. சட்டாம்பிள்ளை மிஷனரிகளின் மேலாண்மையை மறுத்தாரேயன்றிக் கிறிஸ்துவை மறுக்கவில்லை. ஐரோப்பியக் குருமாரும் ஐரோப்பியப் பொருளும் வேண்டா என்றது அவருடைய இந்துக் கிறித்தவத் திருச்சபை. சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்டது. வழிபாட்டில் தூபம் இட்டது.

இதனைப் பணிவின்மை என்று மிஷன் தரப்பார் கருதியது வியப்பன்று. ஆனால் அச்சபையின் வழிபாட்டுமுறை வேறொன்றைச் சொல்கிறது. நாசரேத்தின் மிஷன் ஆலயத்தார் ஆங்கிலத் திருச்சபை முறைப்படி முழந்தாளிட்டனர். பிரகாசபுரத்தார் இறைவன் முன் நெடுஞ்சாண்கிடையாகத் தரையில் விழுந்து வணங்கினர். ஆழ்வார்திருநகரி ஆதிநாதர் சன்னிதியிலும் அடியவர் அவ்வாறே விழுகின்றனர். மிஷனரிக்குப் பணிய மறுத்தவர்கள் தம் முன்னோரின் மிக முழுமையான பணிவு வடிவத்தை இறைவனுக்கென வைத்துக்கொண்டனர்.