போதைப்பொருள் எதிர்ப்பு மன்றப் பொறுப்பை ஏற்கும் இளம் ஆசிரியர்களுக்கு

பள்ளிக்குப் புதிதாக வந்தவர் தலையில்தான் இந்த மன்றத்தைக் கட்டுவார்கள். கட்டியாயிற்று என்றால், முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பறையில் நின்றவள் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள்.

1. போதைப்பொருள் எதிர்ப்பு நாளான ஜூன் 26 அன்று பேரணி நடத்துங்கள், உறுதிமொழி எடுக்க வையுங்கள். படம் பிடித்து அனுப்பியதோடு அந்த வருடக் கணக்கை மூடிவிடாதீர்கள். வாரம் ஒரு பாடவேளை தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்குங்கள்.

2. பயமுறுத்தாதீர்கள். அழுகிய நுரையீரல் படத்தைப் பையன் காலையில் பார்க்கிறான். உதட்டுக்குள் புகையிலைப் பொட்டலத்தை அடக்கிக்கொண்டு தெரு அண்ணன் திடமாகப் பந்து வீசுவதை மாலையில் பார்க்கிறான். எதை நம்புவான்? 1983இல் லாஸ் ஏஞ்சலீஸில் 'டேர்' என்றொரு திட்டம் தொடங்கினார்கள். சீருடைக் காவலர்களே வகுப்பெடுத்தார்கள், அமெரிக்கா முழுக்கப் பரவியது. பிறகு ஆராய்ந்தபோது, அந்த வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கும் உட்காராதவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. கடைசியில் அவர்களே பாடத்தை மாற்ற வேண்டியதாயிற்று.

3. கேட்டு வாங்கிய வாரப் பாடவேளையில் மறுக்கப் பழக்குங்கள். "ஒரு தடவ வச்சுப் பாரு மச்சி, ஒண்ணும் ஆகாது" என்று நண்பன் நீட்டும்போது நம் பிள்ளைக்கு வாய் வருவதில்லை. போதை ஆசையைவிட, கூட்டத்திலிருந்து கழற்றிவிடுவார்களோ என்ற பயம்தான் அவனைக் கவிழ்க்கிறது. அதனால் இருவரை எழுப்பி நடிக்கச் சொல்லுங்கள். ஒருவன் நீட்டட்டும், மற்றவன் நட்பு முறியாமல் மறுக்கட்டும். "எனக்கு வேணாம்டா, வா பேட் எடு" என்பது போதும். முதல் வாரம் சிரிப்பார்கள். மூன்றாம் வாரம் வகுப்பு அமைதியாகும். உண்மையாகவே தனக்கு நடந்ததை யாரோ ஒருவன் நடித்துக்கொண்டிருப்பான். அவனைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள், அங்கேயே கேள்வி கேட்காதீர்கள்.

4. சட்டம் தெரிந்திருங்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது. சிறாருக்குப் புகையிலையோ போதைப்பொருளோ கொடுப்பவருக்கு 2015 சிறார் நீதிச் சட்டத்தில் 7 ஆண்டு வரை கடுங்காவல் உண்டு. கடையைப் பார்த்துவரப் பிள்ளைகளை மட்டும் அனுப்பாதீர்கள். புகார் எழுத்தில், பள்ளியின் பெயரில் போகட்டும்.

5. திங்கள்தோறும் விடுப்பு, திடீர் மதிப்பெண் சரிவு, சிவந்த கண் எல்லாம் அறிகுறிதான். அப்பா குடித்துவிட்டு இரவெல்லாம் அடித்தாலும் அதே அறிகுறிதான் வரும். முதலில் "சாப்பிட்டியாப்பா?" என்று கேளுங்கள்.

6. பையில் பொட்டலம் கிடைத்தால் டி.சி. கிழிக்காதீர்கள். தனியே கூப்பிட்டுப் பேசுங்கள். பெற்றோரை வரவழைத்தால் அவர்களுக்கும் நாற்காலி போடுங்கள். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு வழி சொல்லுங்கள். 14446 போதை மீட்பு உதவி எண், 1098 குழந்தைகள் உதவி எண். மறுநாள் அவன் பள்ளிக்கு வந்தானா என்று பாருங்கள்.

பொட்டலத்தோடு பிடிபட்ட ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனை நான் காலை வணக்கக் கூட்டத்தில் முன்னால் நிறுத்தினேன். அவன் அம்மா கெஞ்சியும் டி.சி. கொடுக்கச் சொன்னேன். இரண்டு வருடம் கழித்துப் பேருந்து நிலையத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மறு கையால் வணக்கம் வைத்தான்.