அனுமதி எழுதும் முன் லேபிளைப் பாருங்கள்

ஆண்ட்ராய்டின் வெண்டார் பார்ட்டிஷனில் புதிதாகச் சேர்த்த சர்வீஸ் ஓடவில்லை என்றால், நான் முதலில் கோடைத் திறப்பதில்லை. எல்எஸ் கட்டளையோடு பெரிய இசட் சேர்த்து அடித்து, அந்த பைனரியின் லேபிளைப் பார்ப்பேன். 'வெண்டார்_ஃபைல்' என்று வந்தால் காரணம் தெரிந்துவிட்டது. தனி லேபிள் எழுதப்படாத கோப்புகளுக்கு அங்கே விழும் பொது லேபிள் அது. அதை வைத்துக்கொண்டு எந்த டொமைனுக்குப் போவது என்று இனிட்டுக்குத் தெரியாது. லாகில் ஒரு வரி எழுதிவிட்டு, சர்வீஸைத் தொடங்காமல் விட்டுவிடும்.

இந்த லேபிள்களை வைத்து அனுமதியை முடிவு செய்வது எஸ்இலினக்ஸ். 2013இல் ஆண்ட்ராய்டு 4.3 பதிப்போடு வந்தபோது அது மீறல்களைக் குறித்துவைத்ததோடு சரி. 5.0இலிருந்து தடுத்தே விடுகிறது.

வெண்டார் பார்ட்டிஷனின் லேபிள்கள் இமேஜ் பில்டாகும்போதே கோப்புகளில் பதிந்துவிடும். ஃபைல்_கான்டெக்ஸ்ட்ஸில் திருத்தினால் இமேஜையும் மறுபடி பில்ட் செய்து ஃபிளாஷ் செய்யுங்கள். டேட்டா பார்ட்டிஷன் என்றால் ரீஸ்டோர்கான் போதும். ஒரு டைரக்டரிக்கு லேபிள் எழுதும்போது, உள்ளே இருப்பவற்றையும் பிடிக்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷனைப் பாதையின் கடைசியில் சேர்க்க வேண்டும். விட்டால் டைரக்டரிக்கு மட்டும் புது லேபிள், உள்ளிருக்கும் கோப்புகளுக்குப் பழையதே.

லாகில் 'டினைட்' வந்ததும், அந்த மறுப்பிலிருந்து அனுமதி வரியை உருவாக்கும் ஆடிட்2அலோ கருவி தருவதை அப்படியே ஒட்டுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். எல்இடி விளக்கின் சர்வீஸ் பிரைட்னஸ் கோப்பில் எழுத முடியாமல் நிற்கிறது என்று வையுங்கள். லாக் வரியில் அந்தக் கோப்பின் லேபிளைக் காட்டும் டிகான்டெக்ஸ்டில் வெறும் 'சிஸ்எஃப்எஸ்' என்றிருக்கும். ஆடிட்2அலோ, அந்தப் பொது லேபிள் கொண்ட எல்லாக் கோப்புகளிலும் எழுத அனுமதி கொடுக்கச் சொல்லும். ஒரு விளக்குக்காக அவ்வளவையும் திறந்துவிடுவது போனை வைத்திருப்பவருக்குச் செய்யும் அநியாயம். அந்தக் கோப்புக்கு ஜென்எஃப்எஸ்கான் வரியில் 'சிஸ்எஃப்எஸ்_லெட்ஸ்' லேபிள் கொடுத்து, அதற்கு மட்டும் அனுமதி எழுதுங்கள். சிஸ் டைரக்டரியில் கிளாஸ், லெட்ஸ் என்ற வழியில் தெரிபவை சிம்லிங்க்தான். உண்மையான கோப்பு டிவைசஸுக்குக் கீழே எங்கோ ஆழத்தில் இருக்கும். ரீட்லிங்க் -எஃப் போட்டு அந்தப் பாதையை எடுத்து எழுதினால்தான் லேபிள் பிடிக்கும்.

ஒவ்வொரு மறுப்பாகத் துரத்த வேண்டியதில்லை. யூசர்டீபக் பில்டில் சர்வீஸின் டொமைனை மட்டும், தடுக்காமல் குறித்துவைக்கும் பெர்மிசிவ் நிலைக்கு மாற்றினால் எல்லா மறுப்புகளும் சேர்ந்தே லாகில் வரும். வேலை முடிந்ததும் அந்த வரியை எடுத்துவிட்டு, பிஎஸ் -இசட் போட்டு சர்வீஸ் தன் டொமைனில்தான் ஓடுகிறதா என்று பாருங்கள்.