பேறுகால உணவும் தாயின் மனநலமும்

நாங்குநேரி வட்டாரத்து ஊர்ப்புறங்களில் இசக்கியம்மன் கோயில்கள் பல உண்டு. கையில் மகவேந்திய அவ்வம்மையிடம் கருவுற்ற மகளிரும் பிள்ளை பெற்றோரும் வேண்டிக்கொள்வர். ‘இயக்கி’ என்னும் சொல்லே ‘இசக்கி’ எனத் திரிந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. நேமிநாத தீர்த்தங்கரரின் இயக்கியாகிய அம்பிகையைத் தருமதேவி என நாம் போற்றுகிறோம். கழுகுமலைப் பாறையில் சிங்கத்துடன் அவள் திருவுருவம் செதுக்கப்பட்டுள்ளது. தாய்மையைப் போற்றிய மரபினராகிய நாம், நம் இல்லத்தில் மகவீன்ற தாயை எவ்வாறு பேணுகிறோம் என்பதைச் சிந்தித்தல் கடன்.

பேற்றுக்குப் பின் சில நாள்களில் காரணமற்ற அழுகையும் எரிச்சலும் தோன்றுதல் பலர்க்கும் இயல்பே. இரு வாரங்களுக்குள் அது தணிந்துவிடும். தணியாது நீடிப்பின் அது மனச்சோர்வு நோயாகும். இந்திய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 2017-இல் வெளியான கட்டுரை, தாய்மாருள் ஏறத்தாழ 22 விழுக்காட்டினர் இதற்கு ஆளாகின்றனர் என மதிப்பிட்டது. வேலூர்ப் பகுதிக் கிராமங்களில் நடைபெற்று 2002-இல் வெளிவந்த ஆய்வு இதனோடு தொடர்புடைய காரணங்களை ஆராய்ந்தது. வறுமை, ஆண்மகவை விரும்பிய வீட்டில் பெண்மகவு பிறத்தல், மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, கைவேலைக்குத் துணையின்மை என்பன அவை.

இவற்றோடு உணவுக்கும் பங்குண்டு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர். பேற்றில் இழக்கும் இரத்தம் அக்குறையை மிகுவிக்கும். சோர்வு, எரிச்சல், மறதி ஆகியவை இரத்தசோகைக்கும் மனச்சோர்வுக்கும் பொதுவான அறிகுறிகள். தென்னாப்பிரிக்காவில் இரத்தசோகையுற்ற தாய்மார்க்கு இரும்புச்சத்து அளித்தபோது அவர்தம் மனச்சோர்வும் குறைந்ததாக 2005-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. எனினும் உணவு மட்டுமே நோய்க்குக் காரணமன்று. உணவு மட்டுமே மருந்துமன்று.

நம் பாட்டிமார் அறிந்த முறையில் நன்மை மிகுதி. உளுந்தங்களியும், கருப்பட்டியும், நல்லெண்ணெயும், சுக்கு சேர்ந்த பேறுகால மருந்தும் வலுவளிப்பன. நம் அறத்துக்கும் முரணற்றன. பூண்டும் தேனும் விலக்குவோர், அவற்றுக்கு ஈடாக முருங்கைக்கீரை, நெல்லிக்காய், பயறு, எள், பால், தயிர் ஆகியவற்றைத் தாராளமாகச் சேர்க்கலாம். பி12 உயிர்ச்சத்து தாவர உணவில் இல்லையாதலின் பாலும் தயிரும் இன்றியமையாதன. அவை போதாவிடின் மருத்துவர் அறிவுரைப்படி மாத்திரை கொள்ள வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையைப் பேற்றுக்குப்பின் 180 நாள் உட்கொள்ளுமாறு அரசுத் திட்டம் அறிவுறுத்துகிறது.

ஆயின், பத்தியத்தின் பெயரால் தண்ணீரைக் குறைப்பதும், பருப்பு, கீரை, பழங்களை விலக்குவதும், அனைவரும் உண்டபின் எஞ்சியதைத் தாய்க்கு இடுவதும் சில இல்லங்களில் காணப்படுகின்றன. பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதங்களில் நாள்தோறும் 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை. பசியோடும் தாகத்தோடும் இரவெல்லாம் விழித்திருப்பவளின் உள்ளம் எங்ஙனம் அமைதியுறும்?

தத்துவார்த்த சூத்திரம் அகிம்சை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களைக் கூறுமிடத்து, கட்டுதல், அடித்தல் முதலியவற்றோடு அன்னபான நிரோதத்தையும், அஃதாவது உணவும் நீரும் கொடாது தடுத்தலையும், சேர்த்துள்ளது. கால்நடைக்கே பொருந்தும் இவ்விதி, நம் மகளுக்கும் மருமகளுக்கும் பொருந்தாதோ? அந்நூலே பதினாறு பாவனைகளுள் ஆற்றலுக்கேற்ற தவத்தையும் வைத்துள்ளது. எனவே, பாலூட்டும் தாய் புதிதாக உபவாசம் ஏற்க வேண்டா. இரவு உண்ணா நோன்புடையோர் பகற்பொழுதில் உணவையும் நீரையும் பலமுறை பகிர்ந்து உண்பாராக. இயலாதோர் குருவையும் மருத்துவரையும் கலந்து முடிவு செய்வாராக.

சூடாக உணவிட்டு, அருகிருந்து உண்பித்து, அவள் உண்ணும்வரை மகவைக் கையிலேந்தும் ஒருவர் வீட்டில் இருத்தல் வேண்டும். இரு வாரம் கடந்தும் சோர்வு நீங்காவிடின் ‘பால் குடிக்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு அழலாமா’ எனக் கடிதல் தகாது. மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் வேண்டும். 14416 என்னும் அரசின் டெலி மானஸ் தொலைபேசி எண்ணிலும் இலவசமாக ஆலோசனை பெறலாம். தன்னையோ மகவையோ மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை அவள் சொல்லின், ஒரு நாழிகையும் தாழ்த்தாது மருத்துவமனை சேர்க்க. எறும்புக்கும் இரங்கும் நம் அறம் நம் வீட்டுப் பேறுகால அறையிலிருந்து தொடங்குக.