கல்லூரியின் பொதுக் கோப்புச் சேமிப்பகமும் எல்லைப் பகுதி மாணவரும்

கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்கள் இரண்டும் கிழக்கே தமிழ்நாட்டை எல்லையாகக் கொண்டவை. பாலக்காட்டின் சித்தூர் வட்டத்திலும், இடுக்கியின் தேவிகுளம், பீருமேடு வட்டங்களிலும் தமிழ் பேசுவோர் பெருமளவில் வாழ்கின்றனர். தோட்டங்களிலும் வயல்களிலும் உழைக்கும் குடும்பங்களிலிருந்து கல்லூரிக்கு வரும் முதல் தலைமுறை மாணவர் பலருக்குச் சொந்தக் கணிப்பொறி எட்டாப் பொருளே. கல்லூரிக் கணிப்பொறி ஒன்றில் இன்று எழுதிய கட்டுரை நாளை வேறொரு கணிப்பொறியிலும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும். ஆசிரியர் தரும் பாடக்குறிப்பு வகுப்பினர் அனைவரையும் சென்றடைய வேண்டும். இவ்விரு தேவைகளையும் நிறைவேற்ற வல்லது கல்லூரியின் பொதுக் கோப்புச் சேமிப்பகம் ஆகும்.

சேமிப்பகம் இயங்கும் விதம்

பொதுச் சேமிப்பகம் என்பது, பெரிய வட்டுகளைக் கொண்டு இடைவிடாது இயங்கும் ஒரு கணிப்பொறி. வளாக வலையமைப்பின் வழியாக அதன் கோப்புறைகள் பிற கணிப்பொறிகளில் அவற்றின் சொந்த வட்டுப் போலவே தோன்றும். 1980களின் தொடக்கத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தில் உருவான 'எஸ்.எம்.பி.' என்னும் நெறிமுறையும், 1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட 'என்.எஃப்.எஸ்.' என்னும் நெறிமுறையும் இதற்கு அடிப்படையாயின. 1992இல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் தொடங்கிய 'சாம்பா' என்னும் கட்டற்ற மென்பொருள், லினக்ஸ் கணிப்பொறியும் விண்டோஸ் கணிப்பொறிகளுக்குக் கோப்புகளை வழங்க வழிசெய்தது. உரிமக் கட்டணமின்றி, பழைய கணிப்பொறி ஒன்றைக் கொண்டே சிறு கல்லூரியும் சேமிப்பகம் அமைக்க இயலும் என்பது இதன் பொருளாதாரப் பயன். ஐ.டி.@ஸ்கூல் திட்டத்தின் வாயிலாகக் கேரளப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருள் பரவியுள்ளமையால், கல்லூரிக்கு வரும் மாணவருக்கு லினக்ஸ் புதியதன்று.

இணைக்கும் முறை

இணைப்பதற்கு முன் மாணவர் மூன்று செய்திகளை அறிந்திருத்தல் வேண்டும். அவை: சேமிப்பகத்தின் பெயர், கோப்புறையின் பெயர், தமக்குரிய பயனர் பெயரும் கடவுச்சொல்லும்.

1. கணிப்பொறியை வளாக வலையமைப்பில் கம்பி வழியாகவோ வைஃபை வழியாகவோ இணைக்க வேண்டும்.

2. விண்டோஸில் கோப்பு உலாவியைத் திறந்து, வலையமைப்பு வட்டினை இணைக்கும் கட்டளையைத் தேர்ந்து, அதற்கு ஓர் எழுத்தை ஒதுக்க வேண்டும்.

3. முகவரிக் கட்டத்தில் இரண்டு பின்சாய்கோடுகள், சேமிப்பகத்தின் பெயர், மீண்டும் ஒரு பின்சாய்கோடு, கோப்புறையின் பெயர் என இவ்வரிசையில் இடைவெளியின்றித் தட்டச்சிட வேண்டும். லினக்ஸிலும் மேக்கிலும் எஸ்.எம்.பி. என்பதன் ஆங்கிலச் சிற்றெழுத்துகள், முக்காற்புள்ளி, இரண்டு முன்சாய்கோடுகள் ஆகியவற்றுடன் முகவரி தொடங்கும். பெயர்களுக்கிடையில் முன்சாய்கோடே வரும்.

4. கணிப்பொறியில் நுழைந்த பெயர் வேறு, கல்லூரி வழங்கிய பெயர் வேறு எனில், வேறு அடையாளத்துடன் இணைக்கும் விருப்பத்தைக் குறித்தபின் கடவுச்சொல்லை இட வேண்டும்.

ஆய்வகக் கணிப்பொறியைப் பலரும் பயன்படுத்துவதால், கடவுச்சொல்லை நினைவிற்கொள்ளும் விருப்பத்தைக் குறிக்கலாகாது. பணி முடிந்ததும் வட்டின் இணைப்பைத் துண்டித்து வெளியேறுதல் வேண்டும்.

இடர்ப்பாடுகளும் தீர்வும்

இணைப்புக் கிட்டாதபோது காரணத்தைப் படிப்படியாக ஆராய்தல் நன்று. சேமிப்பகம் பெயரால் கிட்டாமல் எண் முகவரியால் கிட்டுமாயின், குறை பெயரைக் கண்டறியும் அமைப்பில் உள்ளது. கடவுச்சொல் சரியாக இருந்தும் மறுக்கப்படின், கணிப்பொறியின் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். மைய அடையாள அமைப்பு உள்ள வளாகங்களில் பொதுவாக 5 நிமிடத்திற்கு மேற்பட்ட வேறுபாடு இணைப்பைத் தடுத்துவிடும். கோப்புறை திறந்தும் எழுத இயலாவிடில், படிக்கும் உரிமை மட்டுமே வழங்கப்பட்டுள்ளது எனக் கொள்ளலாம். பாடக்குறிப்புக் கோப்புறையில் இதுவே முறையானதாகும்.

தமிழ் மாணவருக்கெனத் தனி இடர் ஒன்றும் உண்டு. பழைய எழுத்துரு முறைகளில் தட்டச்சிட்ட கட்டுரை, அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். 1991 முதல் தமிழைக் கொண்டுள்ள யூனிகோடு முறையில் எழுதப்பட்ட கோப்பே எங்கும் படிக்கத்தக்கது. பகிர்வதற்குரிய கோப்பு அம்முறையில் அமைதல் இன்றியமையாதது.

வளாகத்திற்கு வெளியே

மாலையில் மலைப்பாதைப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய மாணவர் ஆய்வகத்தில் நெடுநேரம் தங்க இயலாது. வீட்டிலிருந்து சேமிப்பகத்தை அடைய, 'வி.பி.என்.' எனப்படும் மறைகாப்பு இணைப்பை முதலில் ஏற்படுத்துதல் வேண்டும். சேமிப்பகத்தை இணையத்திற்கு நேரடியாகத் திறந்துவிடுதல் தீங்கு பயக்கும். இணையம் பெறும் உரிமை, கல்வி உரிமையின் ஒரு பகுதி எனக் கேரள உயர்நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. 2023 ஜூன் 5இல் தொடங்கிவைக்கப்பட்ட மாநில ஒளியிழை வலையமைப்பான கே-ஃபோன், 20 இலட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பை இலக்காகக் கொண்டது. எனினும், மழைக்காலத்தில் மின்சாரமும் இணைப்பும் அறுபடுவது மலைப்பகுதியின் இயல்பு. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடி நிலச்சரிவுச் செய்தியே வெளியுலகை எட்டத் தாமதமாயிற்று. ஆகவே தேவையான கோப்பின் படியொன்றைக் கைவசம் வைத்திருப்பது அறிவுடைமை.

பாதுகாப்பும் பொறுப்பும்

பொதுவான பொருள் பொதுவான ஆபத்திற்கும் உட்பட்டது. 2017 மே மாதத்தில் பரவிய 'வான்னாக்ரை' என்னும் பிணைத்தொகை நச்சுநிரல், எஸ்.எம்.பி. நெறிமுறையின் பழைய முதற்பதிப்பிலிருந்த குறையைப் பயன்படுத்தி, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பாலக்காடு இரயில்வே கோட்ட அலுவலகக் கணிப்பொறிகளும் அதற்குத் தப்பவில்லை. குறையை நீக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அவ்வாண்டு மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. திருத்தங்களை உடனுக்குடன் நிறுவுவதும், பழைய முதற்பதிப்பை நிறுத்திவைப்பதும் இதனால் பெறப்படும் பாடங்கள்.

இயற்கையின் சீற்றம் மற்றோர் ஆபத்து. 2018 ஆகஸ்ட் பெருமழையில் மூணாறு அரசுக் கல்லூரி நிலச்சரிவால் சேதமுற்றது. ஒரே கட்டடத்தில் உள்ள சேமிப்பகம், அக்கட்டடத்தோடு அழியக்கூடியது. மூன்று படிகள், இரு வகை ஊடகங்கள், அவற்றுள் ஒரு படி வேறிடத்தில் என்னும் பரவலான விதி மலைக்கல்லூரிகளுக்குச் சாலப் பொருந்தும்.

சேர்க்கை நாளிலேயே ஒவ்வொரு மாணவருக்கும் பயனர் பெயர் வழங்குதல், இணைக்கும் முறையைத் தமிழிலும் மலையாளத்திலும் ஒரு பக்கத்தில் அச்சிட்டு அளித்தல், காப்புப்படி மீளக் கிடைக்கிறதா எனப் பருவந்தோறும் சோதித்தல் ஆகிய மூன்றும் பெருஞ்செலவு வேண்டாதவை. கணிப்பொறி இல்லாத மாணவரின் மூன்றாண்டு உழைப்பு அச்சேமிப்பகத்திலேயே உள்ளது. நூலகத்தைப் போலவே அதனையும் கல்லூரியின் பொதுச்சொத்தாகக் கருதிப் பேணுதல் நிர்வாகத்தின் கடமையாகும்.